ஏழாம் நிலையத்துத் தண்ணீர்

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்குக் கரையோரக் கம்பத்து ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியபோது, லியெம் வீட்டு நடுக்கூடத்தில் தரைப்பலகையைத் தூக்கி வைத்துவிட்டு மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். ஹாவ் ஆற்றில் மிதக்கிற வீடு அது. மேலே லியெமும் அவர் மனைவி லூவாவும். அடியில் தொங்கும் மரக்கூண்டில் முப்பதாயிரம் கெளுத்தி. தவிடும் குருணையும் பொடிமீனும் சேர்த்து வேகவைத்த உருண்டையை உள்ளே போட்டதும் தகரக் கூரையில் மழை பிடித்தது போல ஒரு சத்தம் எழும். அந்தச் சத்தத்தை வைத்தே மீன் நலமா, மந்தமா என்று சொல்லிவிடுவார். அன்றைக்குச் சத்தம் நன்றாகவே இருந்தது. பத்து மாத வளர்ப்பு. ஒவ்வொன்றும் ஒரு கிலோவைத் தொட்டுவிட்டது. வியாழக்கிழமை மதியம் சாங் என்ற வியாபாரி, ஆற்றுநீர் உள்ளறைக்குள் வந்து போக அடிப்பக்கம் துளை போட்ட தன் பெரிய படகைக் கொண்டு வந்து எல்லாவற்றையும் உயிரோடு அள்ளிக்கொண்டு போவதாகப் பேச்சு.

ஒலிபெருக்கி முதலில் ஆற்றின் மட்டத்தைச் சொன்னது. அடுத்து கோழிகளுக்குத் தடுப்பூசி. அதற்கடுத்து, குரலில் எந்த மாற்றமும் இல்லாமல், ஏழாம் நிலையத்துத் தண்ணீரில் கடந்த ஏழு வாரங்களாக வழக்கத்துக்கு மாறான புளிப்பும் அலுமினியமும் காணப்படுவதாகவும், பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வாளர் வருகிறார் என்றும், காரணம் தெரியும்வரை அந்தப் பகுதி மீனையும் நீரையும் கவனமாகக் கையாள வேண்டும் என்றும் சொன்னது. பிறகு பாட்டுப் போட்டது.

லியெம் கையிலிருந்த உருண்டை கையிலேயே இருந்தது. கீழே மீன்கள் வாயைத் திறந்து காத்திருந்தன.

"நம்ம பேரச் சொன்னாங்களா?" என்று லூவா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"பேரச் சொல்லல. நம்பரச் சொன்னாங்க."

"அந்த நம்பர் நாமதானே?"

ஏழு மணிக்குள் சாங்கின் தொலைபேசி வந்துவிட்டது. லியெம் மேல் தனக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை, தண்ணீர் மேல்தான் இல்லை என்று அவன் மரியாதையாகவே சொன்னான். வியாழன் மதியத்துக்குள் விஷயம் தெளிந்தால் மீன் எடுப்பான். இல்லாவிட்டால் மேலாற்றுக் கூண்டுகளில் படகை நிரப்பிக்கொண்டு போய்விடுவான். அடுத்த நடை ஒரு மாதம் கழித்து. அதற்குள் மீன் ஒன்றரைக் கிலோ ஆகி, சதை மஞ்சளாகி, எந்தத் தொழிற்சாலையும் சீந்தாது. இதையெல்லாம் சாங் சொல்லவில்லை. லியெமுக்கே தெரியும்.

ஏழாம் நிலையம் என்பது லியெம் வீட்டு முன்பலகையில் ஆணி அடித்து மாட்டிய ஒரு நீலத் தகடு. எல்லையிலிருந்து கடல்வரை இப்படி இருபது இடங்கள். திங்கட்கிழமை தவறாமல் காலை ஏழு மணிக்கு ஆற்று நடுவுக்குப் போய், பாட்டிலை மூன்று தடவை ஆற்று நீரிலேயே அலசி, வாயை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, ஒரு சாண் ஆழத்தில் நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே மூட வேண்டும். லேபிள் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, ஒன்பது மணி லாஞ்சில் கான் தோ நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒன்பது மாதமாக லியெம் இதைச் செய்துவந்தார். திங்கட்கிழமைகளில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில்தான் துடுப்புப் போடுவார். ஆற்றுவாசிகள் அவரைத் தண்ணி வாத்தியார் என்றார்கள். பாதி கிண்டல்தான். மீதிப் பாதியை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் அவருக்கு ஒரு ரகசியம் இருந்தது. மூன்றாம் மாதத்திலேயே ஒரு திங்களன்று நீரோட்டம் இழுத்த இழுப்பில் பாட்டிலும் போயிற்று, குனிந்த வேகத்தில் மூக்குக்கண்ணாடியும் போயிற்று. பாட்டிலுக்குப் பதில் பாட்டில் வந்தது. கண்ணாடிக்குப் பதில் எதுவும் வரவில்லை. அன்றிலிருந்து அவர் ஆற்று நடுவில் ஒரு வாளியை முக்கி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். லூவாவுக்குக் கை நடுங்காது. அவள்தான் புனல் வைத்துப் பாட்டிலில் நிரப்பி, உமியும் ஐஸும் போட்டு மூடுவாள். அதற்குள் அவர் சட்டையைக் கழற்றி மாட்டி, நூடுல்ஸ் சாப்பிட்டு, படிவத்தை நிரப்புவார். 'ஆற்று நடுவிலேயே நிரப்பப்பட்டதா?' என்ற கேள்விக்கு எதிரே 'ஆம்' என்று எழுதும்போது மட்டும் எழுத்து கொஞ்சம் சிறியதாகிவிடும். அதே ஆற்றுத் தண்ணீர்தானே, கொஞ்ச நேரம் நம் வீட்டுக்கு வந்துவிட்டுப் போகிறது, அவ்வளவுதான் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்வார்.

பத்து மணிக்கு ஆய்வாளர் குயென் வந்து இறங்கினாள். இருபத்தேழு வயதிருக்கும். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைக் கடைசிவரை கழற்றவில்லை. நீச்சல் தெரியாதாம். தண்ணீரைப் பற்றி ஆறு வருடம் படித்தவளுக்கு நீச்சல் தெரியாதென்ற செய்தி அரை மணி நேரத்தில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது.

அவள் ஒரு பெரிய தாளைப் பாயில் விரித்தாள். "ஏழுன்னா நல்ல தண்ணி சித்தப்பா. ஏழுக்குக் கீழ இறங்க இறங்கப் புளிப்பு. ஆறாம் நிலையத்துல ஏழு. எட்டாம் நிலையத்துலயும் ஏழு. உங்களுது அஞ்சு."

"அஞ்சா?"

"அது கூடப் பரவால்ல. ரெண்டு மாசமா ஆறு முழுக்கத் தண்ணி காப்பி மாதிரி ஓடுது. உங்க பாட்டில் மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கு. ஆறு இங்க வந்து தெளிஞ்சு, உங்க வீட்டத் தாண்டினதும் திரும்பவும் கலங்கிக்குது. எங்க பேராசிரியர் முப்பது வருசத்துல இப்படி ஒரு ஆத்தப் பாத்ததில்லயாம். படம் போட்டுச் சிவப்பு வட்டம் வேற போட்டுட்டார்."

அந்தச் சிவப்பு வட்டத்தின் நடுப்புள்ளி ஏறக்குறைய லூவாவின் அடுப்படியில் விழுந்திருந்தது. லூவா எட்டிப் பார்த்துவிட்டு, தண்ணீர் தெளிவாக இருப்பதில் என்ன குறை கண்டார்கள் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

லியெம் குற்றவாளிகளை வரிசையாகச் சொன்னார். செங்கல் சூளை, ஐஸ் தொழிற்சாலை, பிறகு கீழாற்றில் நூற்றைம்பது வாத்து வைத்திருக்கும் மூய். மூய் கீழாற்றில் இருக்கிறவன், அவன் கழிவு எப்படி எதிர்நீச்சல் போட்டு மேலே வரும் என்று குயென் கேட்டாள். மூய்யின் வாத்துகள் வரும் என்றார் லியெம். அவள் அதையும் எண் போட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

படகில் ஒவ்வொரு இடமாகப் போனார்கள். அவள் கருவியின் முனையைத் தண்ணீரில் விடுவாள், காத்திருப்பாள், எண்ணை வாய்விட்டுச் சொல்லி எழுதுவாள். சூளைக்கரை, ஏழு புள்ளி ஒன்று. ஐஸ் தொழிற்சாலை வாய்க்கால், ஏழு. மூய் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வாத்துப்பட்டியின் வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் ஊசியை வாயிலிருந்து எடுத்தான்.

"அண்ணே, என் வாத்து முட்டை போடும், எச்சம் போடும். அலுமினியம் போடாது."

அங்கேயும் ஏழு புள்ளி ஒன்று. லியெமின் வீட்டைச் சுற்றி நான்கு மூலையிலும் அதேதான். ஆறு எந்தத் தப்பும் செய்யவில்லை.

மதியம் லூவா புளிக்குழம்பு வைத்திருந்தாள். வெள்ளத்தோடு வரும் விரல் நீள லிஞ் மீனும், வரப்போரம் பூத்திருந்த மஞ்சள் சிற்றகத்திப் பூவும் போட்டது. குயென் மூன்று கிண்ணம் சாப்பிட்டாள். மூன்றாவது கிண்ணத்தின் நடுவே, அலுமினியம் வானத்திலிருந்து விழாது, எங்காவது ஒரு பொருளிலிருந்துதான் வர வேண்டும் என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். லியெம் நிமிர்ந்தார். எதிரே சுவரில், ஆணியில், வாளி தொங்கிக்கொண்டிருந்தது. பளபளவென்று தேய்த்து வைத்த அலுமினிய வாளி.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

சாப்பிட்டு முடித்த குயென் முன்பலகையில் கண்ணயர்ந்தாள். லூவா பக்கத்து வீட்டுக்குப் பொடிமீன் வாங்கப் போனாள். லியெம் வாளியை எடுத்துக்கொண்டு பின்பலகைக்குப் போய் ஆற்றில் விட்டார். அவசரத்தில் அதில் தண்ணீர் மொள்ள மறந்துவிட்டார். அது முழுகவில்லை. நிமிர்ந்த வாக்கில், யாரோ ஏறி உட்கார்ந்திருப்பது போல நிதானமாகக் கீழாற்றுப் பக்கம் போனது. அவர் துடுப்பை எடுத்து எட்டிக் குத்திப் பார்த்தார். அது இன்னும் கொஞ்சம் வேகமாகப் போனது.

அரை மணி நேரம் கழித்து மூய் படகில் வந்து முன்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். குயென் எழுந்து உட்கார்ந்திருந்தாள். லூவாவும் திரும்பி வந்திருந்தாள்.

"அண்ணே, உங்க வாளி எங்க வீட்டுக்கு வந்துருச்சு. இதையும் எங்க வாத்து போட்டதுன்னு சொல்லிடாதீங்க."

லூவா வாளியை வாங்கிப் பார்த்து, ஆணியில் மாட்டினது ஆற்றுக்கு எப்படிப் போனது என்றாள். குயென் லியெமைப் பார்த்தாள். அவர் பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்பதுபோல எழுந்து நின்று, மூக்குக்கண்ணாடி போன கதையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். இத்தனை வாரமாக 'ஆம்' என்று எழுதியதையும் சொன்னார்.

"எழுதினது தப்புதான் டீச்சரம்மா. ஆனா தண்ணி ஆத்துத் தண்ணிதான். முன்னோர் படத்துக்கு முன்னால நின்னு சொல்றேன்."

குயென் வாளியில் ஆற்றுத் தண்ணீரை நிரப்பி மூடி வைத்தாள். மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது என்றாள். அன்றிரவு அவள் லூவாவின் கொசுவலைக்குள் மிதவைச் சட்டையோடு தூங்கினாள்.

புதன் காலை கருவியை வாளிக்குள் விட்டபோது லியெம் கண்ணை மூடிக்கொண்டார். ஏழு புள்ளி ஒன்று.

"வாளி மேல குத்தம் இல்ல சித்தப்பா."

அவருக்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. வாளி தப்பித்துவிட்டது. மீன் தப்பிக்கவில்லை. சாங் வர ஒரு நாள்தான் இருந்தது. குயென் நோட்டை மூடி வைத்துவிட்டு யோசித்தாள். ஆற்றில் சரி. வாளியில் சரி. பாட்டிலில் தப்பு. அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி, அரிசி களைந்துகொண்டிருந்த லூவாவைப் பார்த்தாள்.

"சித்தி, சித்தப்பா வாளிய உங்க கைல குடுத்ததும் என்ன பண்ணுவீங்க? ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."

"என்ன பண்ணுவேன். பாட்டில அலசுவேன். படிகாரம் தேய்ப்பேன். ஒரு மணி நேரம் விடுவேன். அடி வண்டலக் கலக்காம மேலாக்க மொண்டு ஊத்துவேன்."

நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டிருந்த குயெனின் கை நின்றது. "படிகாரமா?"

"பின்ன? அந்தச் சேத்த அப்படியே அனுப்பச் சொல்றியா?"

லியெம் லூவா பக்கம் திரும்பினார். "எப்பருந்து?"

"கலங்கல் வந்ததுலருந்து. அதுக்கு முந்தி தண்ணி நல்லாத்தானே இருந்துச்சு. எதுக்குப் படிகாரத்த வீணாக்குவானேன்."

படிகாரத்தில் இருப்பதே அலுமினியம்தான் என்று குயென் விளக்கினாள். அது புளிப்பாக்கும், வண்டலைத் திரட்டி அடியில் உட்கார வைக்கும். ஏழு வாரமாக ஆய்வகம் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான். லூவா பொறுமையாகக் கேட்டாள். இந்த ஆற்றில் எல்லா வீட்டுக் குடிநீர்ச் சாடியிலும் படிகாரம் தேய்க்காமல் யாரும் ஒரு வாய் குடிப்பதில்லை. இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"தண்ணி எவ்வளவு கலங்கியிருக்குன்னு பாக்கத்தான் சித்தி நாங்க வாங்குறதே."

"பாக்கட்டும், யாரு வேணாங்கறது. பள்ளிக்கூடத்துல நகம் பாக்க வருவாங்களே, உங்கம்மா உனக்கு வெட்டி அனுப்புனாங்களா, அழுக்கோட அனுப்புனாங்களா? பாட்டில் மேல இவரு பேர ஒட்டி அனுப்புறோம். அங்க படிச்சவங்க சுத்தி நின்னு வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாங்களாம், இவர்தான் சொன்னார். இதான் லியெம் வீட்டுத் தண்ணின்னு சேத்தையா காட்டுவேன்?"

குயென் தாளில் இருந்த சிவப்பு வட்டத்தைப் பார்த்தாள், லூவாவைப் பார்த்தாள். பிறகு பாயில் கவிழ்ந்துகொண்டாள். ஆரஞ்சுச் சட்டை குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து லூவா முதுகைத் தடவிக்கொடுத்தாள். சிரிப்பு அடங்கிப் பேச்சு வர வெகுநேரமாயிற்று. பேராசிரியருக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது அது மறுபடியும் தொடங்கிவிட்டது.

வியாழன் பதினொரு மணிக்குச் சாங்கின் படகு வந்தது. அவன் இறங்கவில்லை. படகின் விளிம்பில் குந்தியபடியே முழுக்கதையையும் கேட்டான்.

"அண்ணே, இருவது வருசமா மீன் வாங்குறேன். மீன விக்கிறதுக்கு ஜனங்க சொல்ற கதையெல்லாம் கேட்டிருக்கேன். பொண்டாட்டி ஆத்தக் கழுவிட்டான்னு இப்பதான் கேக்குறேன்."

குயென் பல்கலைக்கழக அடையாள அட்டையைக் காட்டினாள், கருவியைக் காட்டினாள். சாங் அசையவில்லை. படித்த பிள்ளைக்கு ஊட்டி விட்டால் அது எதையும் சொல்லும், மூன்று கிண்ணம் குழம்பு குடித்தாளாமே என்றான். அந்தச் செய்தியும் போயிருந்தது. கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். தண்ணீரைத் தன் கண்ணெதிரே தன் ஆளே மொண்டு வரட்டும், லூவா தன் வழக்கப்படி செய்யட்டும், அதே எண் வந்தால் மீனை எடுப்பான். வேறு எண் வந்தால் கயிற்றை அவிழ்த்துவிடுவான்.

லியெம் லூவாவின் கையைப் பார்த்தார். ஏழு வாரமும் ஒரே மாதிரி இருக்க இவள் என்ன கருவியா? கொஞ்சம் கூடத் தேய்த்தால் நான்கு வரும், கை குறைந்தால் ஆறு வரும். அவர் லூவாவிடம் மெல்லப் பார்த்துத் தேய்க்கச் சொன்னார். அவள், நீங்கள் போய் மீனுக்குத் தீனி போடுங்கள் என்று சொல்லிவிட்டு நல்ல சட்டை மாற்ற உள்ளே போனாள்.

அக்கம்பக்கத்துப் படகுகள் எல்லாம் முன்பலகையைச் சுற்றி நின்றன. வாளி வந்தது. லூவா படிகாரக் கட்டியை எடுத்து வாளியின் உள்விளிம்போடு அழுத்திச் சுற்றினாள். உதடு மட்டும் அசைந்தது. நிறுத்தினாள். கட்டியைத் துடைத்து வைத்தாள். வாளியை மூடிவிட்டு, வந்தவர்களுக்குத் தேநீர் போடப் போய்விட்டாள்.

அந்த ஒரு மணி நேரம் லியெம் உட்காரவில்லை. கூடத்துப் பலகையைத் தூக்கி மீனைப் பார்த்தார், மூடினார், மறுபடி தூக்கினார். சாங் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மூய் கூட்டத்தைப் பார்த்து வீட்டுக்குப் போய், அவித்த வாத்து முட்டை ஒரு கூடை கொண்டு வந்து விற்கத் தொடங்கினான்.

நேரமானதும் லூவா மேலாக்க மொண்டு பாட்டிலில் ஊற்றினாள். வெயிலில் அது கண்ணாடி போல நின்றது. குயென் கருவியை விட்டாள். எண் ஓடியது, தயங்கியது, நின்றது.

"அஞ்சு புள்ளி ஒண்ணு."

அவள் நோட்டைத் திறந்து ஏழு வாரக் கணக்கைச் சத்தமாகப் படித்தாள். ஐந்து புள்ளி ஒன்று. ஐந்து. ஐந்து புள்ளி ஒன்று. ஐந்து புள்ளி ஒன்று. ஐந்து புள்ளி இரண்டு. ஐந்து புள்ளி ஒன்று. ஐந்து புள்ளி ஒன்று.

சாங் பாட்டிலைத் தானே வாங்கி, வெயிலில் தூக்கிப் பார்த்து, கூண்டுக்குப் பக்கத்து ஆற்றைப் பார்த்து, பாட்டிலை மறுபடி பார்த்தான். கருவியைத் தன் கையாலேயே ஆற்றில் விட்டும் பார்த்தான். ஏழு புள்ளி ஒன்று. பிறகு திரும்பித் தன் ஆட்களிடம் வலையை எடுக்கச் சொன்னான்.

"எங்க ஆய்வகத்துல மூணு பேர் ஒரே தண்ணிய அளந்தா மூணு எண் வரும் சித்தி. நீங்க எப்படி வாரா வாரம்..." என்று குயென் இழுத்தாள்.

"பதினெட்டு சுத்து. பத்தொம்பதாச்சுன்னா தேநீர் துவர்க்கும்."

சாயங்காலம்வரை வலை ஏறி இறங்கியது. கூடத்துப் பலகைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டதால் வீட்டுக்குள் நடக்க இடமில்லை. கெளுத்திகள் பிரம்புக் கூடையில் துள்ளி, நனைந்த மனிதர்களின் கைமாறி, சாங்கின் படகு வயிற்றுக்குள் போய் விழுந்தன. நடுவில் ஒரு மூச்சு விட்ட நேரத்தில் லியெம் குயெனிடம் போய், படிவத்தில் பொய் எழுதியவனை என்ன செய்வார்கள் என்று கேட்டார். அவரால் அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. முகமெல்லாம் மீன் வழும்பும் வேர்வையுமாக இருந்தது.

குயென் நோட்டைப் புரட்டினாள். கடைசியில், நிலையத்தை எடுக்க வேண்டாம், ஆனால் இனி பாட்டிலை ஆற்று நடுவில் சித்தியே நிரப்பட்டும், கையெழுத்தும் சித்தியே போடட்டும், சித்தப்பா துடுப்புப் போட்டால் போதும் என்றாள். படிகாரம் மட்டும் வேண்டாம். ஒரு சுற்றுக்கூட வேண்டாம். லூவாவிடம் அதை மூன்று தடவை சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

லியெம் தலையாட்டினார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார்.

"துடுப்புப் போடுறவன் வெள்ளச் சட்ட போடலாமில்ல டீச்சரம்மா?"

போடலாம் என்றாள்.

வெள்ளிக்கிழமை ஒலிபெருக்கி, ஏழாம் நிலையத்து மாறுபாட்டுக்கு ஆறு காரணமல்ல, படிகாரமே காரணம் என்று அறிவித்தது. அடுத்த இரண்டு நாளும் கடந்துபோன ஒவ்வொரு படகிலிருந்தும் யாராவது ஒருவர், தங்கள் துணிகளையும் வெளுத்துக் கொடுக்க முடியுமா என்று லூவாவைக் கேட்டார்கள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு இருவரும் ஆற்று நடுவுக்குப் போனார்கள். கூண்டு காலியானதால் வீட்டுக்கு அடியில் மீன் சத்தமே இல்லை. லியெம் வெள்ளைச் சட்டையில் துடுப்பைப் பிடித்துப் படகை நிறுத்தினார். லூவா குனிந்து மூன்று தடவை அலசி, பாட்டில் வாயை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, ஒரு சாண் ஆழத்தில் நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே மூடினாள். விதியில் எழுதியது அத்தனையும் சரி. பிறகு பாட்டிலை வெயிலில் தூக்கினாள். பால் விட்ட தேநீர் நிறம்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சத்தியம் பண்ணியிருக்கே" என்றார் லியெம்.

"தெரியும், துடுப்பப் போடுங்க" என்றாள் அவள். பாட்டிலின் வெளிப்பக்கத்தை மட்டும் சட்டை நுனியால் துடைத்தாள். வீடு வரும்வரை துடைத்துக்கொண்டே வந்தாள்.

படிவத்தைத் தானே நிரப்புவதாகச் சொன்னாள். லியெம் நூடுல்ஸ் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து நேரம், இடம், வெப்பம் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். 'ஆற்று நடுவிலேயே நிரப்பப்பட்டதா?' என்பதற்கு அவள் பெரிய எழுத்தில் 'ஆம்' என்று எழுதினாள். அடியில் 'குறிப்பு' என்று இரண்டு வரி இடம் விட்டிருந்தது. அதில் கோடு போட்டுவிடச் சொன்னார். ஒன்பது மாதமாக அவர் அதைத்தான் செய்துவந்தார். அவள் கோடு போடவில்லை. பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி இருந்தாள். வளைவில் லாஞ்சின் ஊதல் கேட்டது. வேகவேகமாக எதையோ எழுதி, மடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து மூடி அவரிடம் கொடுத்தாள்.

லியெம் படகைத் தள்ளிக்கொண்டு லாஞ்சை நோக்கிப் போனார். பாதி வழியில் மனம் கேட்காமல் பெட்டியைத் திறந்து தாளைப் பிரித்தார். கண்ணுக்கு எட்ட நீட்டிப் பிடித்துப் படித்தார்.

'இது வெள்ளக் காலம். எல்லார் வீட்டிலும் இப்படித்தான் இருக்கும். புத்தாண்டுச் சமயத்தில் எங்கள் தண்ணீர் நன்றாக இருக்கும், அப்போது பார்க்கவும். எதற்கும் ஆறாம் நிலையத்துப் பாட்டிலை முதலில் பார்த்துவிட்டு, பிறகு எங்களுடையதைப் பார்க்கவும்.'